ஒப்பந்தத்தைப் பார்க்காமலே 'சரி' சொல்லலாமா?

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துவிட்டால் கல்லூரி கேன்டீனில் ஒரே பேச்சுதான். யாருக்கு ஆஃபர் வந்தது, எத்தனை லட்சம், எந்த ஊர்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் போதும், ஸ்வீட் பாக்ஸ் வந்துவிடும். நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? இதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் ஜாயினிங் அன்னைக்குத் தருவாங்க."

அதற்குள் 'சரி' சொல்லியாகிவிடும்!

நடப்பது இப்படித்தான். தேர்வானவர்கள் பட்டியல் வருகிறது. பிறகு ஒரு மின்னஞ்சல். அதில் பதவியின் பெயர், ஆண்டுச் சம்பளம், கடைசியில் 'நிறுவனத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி. இரண்டு நாளில் சம்மதம் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளில் 'ஒருவருக்கு ஒரு வேலை' என்று விதி வேறு இருக்கிறது. சம்மதம் சொன்ன பிறகு அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் உட்கார முடியாது. மாதங்கள் கழித்து, பெட்டி படுக்கையோடு பெங்களூருவில் போய் இறங்கி, ஹாஸ்டலுக்கு அட்வான்ஸும் கட்டிய பிறகு, பத்திருபது பக்கம் கையில் கொடுக்கப்படுகிறது. பாண்ட், நோட்டீஸ் பீரியட், ஊர் மாற்றம், எல்லாம் அதற்குள்தான். சில இடங்களில் அப்பாவின் ஜாமீன் கையெழுத்தும் முத்திரைத்தாளில் வேண்டும்.

சட்டப்படி அன்றுகூட 'முடியாது' என்று சொல்லலாம். ஆனால் எத்தனை பேரால் முடியும்? ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கல்விக்கடன் தவணை காத்திருக்கிறது. மற்ற கம்பெனிகள் வந்து போய்விட்டன. மறுக்கும் உரிமை காகிதத்தில் இருக்கிறது, மறுக்கும் வசதி இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பி.காம். படிப்பவர்கள் வணிகச் சட்டத்தில் முதலில் படிப்பதே 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம்தான். ஏற்பு என்பது முழுமையாக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும் என்கிறது 7-ஆம் பிரிவு. பொருள் நிச்சயமாகத் தெரியாத, தெரிந்துகொள்ளவும் வழியில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது 29-ஆம் பிரிவு. பரீட்சையில் இதையெல்லாம் பத்து மார்க்குக்கு அழகாக எழுதுபவர்கள், தங்கள் வாழ்க்கையின் முதல் பெரிய ஒப்பந்தத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

"பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாதுடா, தைரியமா கையெழுத்துப் போடு" என்று ஒரு சீனியர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருப்பார். அவர் பேச்சை நம்புவதற்கு முன் விஜயா வங்கி வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த வங்கியில் சேர்ந்த ஓர் அதிகாரி மூன்று ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அவர் 2009-ல் ராஜினாமா செய்தார். ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிபந்தனை செல்லும் என்றது. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் இத்தகைய கட்டுப்பாடு 27-ஆம் பிரிவு தடுக்கும் தொழில் தடை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

அதற்காக எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்று அர்த்தமில்லை. 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். ஆனால் எது நியாயம் என்று வாதாட நீதிமன்றம் போக வேண்டும். 2009-ல் ராஜினாமா, 2025-ல் தீர்ப்பு. பதினாறு வருடம்! இருபத்திரண்டு வயதில் முதல் வேலையை விட்ட ஒருவர் முப்பத்தெட்டு வயதில் பதில் தெரிந்துகொள்வார்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்த 2 லட்சம் நிபந்தனை ஆள் எடுக்கும் அறிவிப்பிலேயே இருந்தது. விண்ணப்பம் போடும் முன்பே யாரும் படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் ஒதுங்கியிருக்கலாம். ஒரு பெரிய வங்கி முதலிலேயே சொல்ல முடிந்த விஷயத்தைக் கேம்பஸுக்கு வரும் கம்பெனியால் ஏன் சொல்ல முடியாது?

சம்பளக் கணக்குக்கு வருவோம். சி.டி.சி. 3,60,000 ரூபாய் என்றதும் பன்னிரண்டால் வகுத்து 'மாதம் முப்பதாயிரம்' என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பாதி அடிப்படைச் சம்பளம், அதாவது மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், வருடத்துக்கு 21,600. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், சுமார் 8,660. பத்து சதவீதம் 'செயல்திறன் ஊதியம்' என்றால் 36,000. இவை மூன்றும் சி.டி.சி.க்குள் அடக்கம், ஆனால் மாதச் சம்பளத்தில் வராது. மிச்சம் 2,93,740. மாதத்துக்கு 24,478. அதிலும் ஊழியரின் பங்கு பி.எஃப். 1,800 போனால் கையில் சுமார் 22,700 ரூபாய். மற்ற பிடித்தங்கள் தனி. பி.எஃப். நம் சேமிப்புதான், வீண் இல்லை. ஆனால் பெங்களூருவில் வாடகையை அதிலிருந்து கொடுக்க முடியாது. முப்பதாயிரத்தை நம்பி வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று முடிவு செய்தவருக்கு இந்த ஏழாயிரம் பெரிய பள்ளம்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மாதக்கணக்கில் சம்பளமும் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்த பிறகு, ஆள் பக்கத்துக் கம்பெனிக்குத் தாவினால் நஷ்டம்தான். பாண்ட் கேட்பது தப்பில்லை. அதை 'சரி' வாங்கும் வரை மறைத்து வைப்பதுதான் தப்பு.

சட்டம் உதவுமா? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அது வேலையில் அமர்த்தும்போது தர வேண்டிய கடிதம். சம்மதம் கேட்கும் முன்பே விதிமுறைகளைக் காட்டு என்று அது சொல்லவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது மாணவர்தான். கேட்பதற்குச் சண்டை போட வேண்டாம், இரண்டு வரி மின்னஞ்சல் போதும். "இந்தப் பணியில் சேர விருப்பம். ஒப்பந்த நகலையும் சம்பள விவரத்தையும் அனுப்பினால் படித்துவிட்டு உறுதி செய்கிறேன்." நகல் தர மாட்டோம் என்றால் குறைந்தது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும்.

1. பாண்ட் உண்டா, எத்தனை மாதம், எவ்வளவு தொகை, நாளாக ஆகக் குறையுமா?
2. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இரு தரப்புக்கும் ஒன்றா?
3. பிடித்தம் போக மாதம் கையில் எவ்வளவு?
4. அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்களா?

நான்காவதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் அந்த இடத்திலிருந்து விலகுவது உத்தமம். அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பவர்களுக்கு நீதிமன்றமே தேவைப்படாது.

"கேட்டால் ஆஃபரைப் பிடுங்கிவிடுவார்கள்" என்பது எல்லோருக்கும் இருக்கும் பயம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தப் பயம் நியாயமானது. வேறு வழியே இல்லாதவர், பதில் வராவிட்டாலும் 'சரி' சொல்லலாம். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவரும் கேட்டுவிட்டே சொல்லட்டும். கேட்டும் பதில் தராத கம்பெனி எப்படிப்பட்டது என்பதாவது சேரும் முன்பே தெரிந்துவிடும்.

உண்மையில் இந்தப் பாரத்தைத் தனி ஒருவர் தலையில் ஏற்றுவதே அநியாயம். ஒரு மாணவி கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள். அதையே கல்லூரி கேட்டால் விதி என்பார்கள். கம்பெனி வளாகத்துக்குள் வரும் முன் ஒப்பந்த நகலை பிளேஸ்மென்ட் செல்லிடம் தர வேண்டும், அது நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும் என்று ஒரு விதி போட எந்தச் செலவும் இல்லை. மாணவருக்கு 'ஒருவருக்கு ஒரு வேலை' என்று விதி போடத் தெரிந்த கல்லூரிக்கு, கம்பெனிக்கும் ஒரு விதி போடத் தெரியாதா என்ன?