டிக்கெட் பணம் யாருடையது?

ராஜபாளையத்தில் ஒருவர் முறைப்படி சீட்டு நடத்த வேண்டுமானால், 1982-ஆம் ஆண்டு சட்டப்படி முதலில் பிணை கட்ட வேண்டும். விமானக் கம்பெனிக்கு அது கிடையாது. மூன்று மாதம் கழித்துப் பறக்கப்போகிறவரின் பணத்தை இன்றே வாங்கி, இன்றைய எரிபொருளுக்குச் செலவழிக்கலாம்.

கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஜெட்டைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில்தான். ஐந்தரை ஆண்டு! திவால் வழக்கில் ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிக்கு முன்வரிசை. டிக்கெட் எடுத்தவருக்குக் கடைசி பெஞ்ச்.

"நல்ல கம்பெனியாப் பார்த்து எடுக்க வேண்டியதுதானே, சார்?" என்றான் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பழைய மாணவன். தம்பி, மகள் பிரசவத்துக்குப் போக மதுரையிலிருந்து டிக்கெட் எடுக்கிறவன், கம்பெனியின் வரவு செலவுக் கணக்கையா படிப்பான்? பஸ்ஸின் பிரேக்கைச் சோதிப்பது பயணி வேலையா?

பயணம் முடியும்வரை டிக்கெட் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். "கட்டணம் ஏறிவிடும்" என்பார்கள். அப்படியானால் இத்தனை நாளும் நம்மிடம் வட்டியில்லாக் கடன் வாங்கித்தான் பறந்தார்கள் என்று ஆகிறது. கடன் என்றால் ஈடு வையுங்கள். சீட்டுக்காரருக்கு ஒரு நியாயம், விமானக்காரருக்கு ஒரு நியாயமா?