வன்னிக்குள்ளால போறதும் வன்னிக்குப் போறதும்

கம்பஸ் லீவு கிட்ட வந்தா எந்த வட்சப் குழுவைத் திறந்தாலும் ஒரு பயணத் திட்டம் கிடக்கும். இப்ப புதுசா வந்திருக்கிறது கேம்பர் வான். படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணித் தாங்கி எல்லாம் வானுக்குள்ளயே. திருகோணமலையில ஏறினா வன்னிக் காட்டுக்குள்ளால பத்து நாள் ஓடி, பூநகரி, மன்னார் பாத்து, வவுனியாவால திரும்பலாம். 'ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை' என்பதுதான் இதில எல்லாருக்கும் பிடிச்ச விசயம். எனக்குப் பிடிக்காததும் அதுதான்.

அலாஸ்காவில் அது நியாயம். அங்கே டோல்ற்றன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட்டைத் தாண்டினால் டெட்ஹோர்ஸ் வரை ஏறத்தாழ 385 கிலோமீற்றருக்கு எரிபொருளும் இல்லை, கடையும் இல்லை. நத்தை மாதிரி வீட்டைச் சுமந்துகொண்டுதான் போகவேணும். எங்கட பாதை அப்பிடியா? நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, தென்னமரவடி, கொக்குத்தொடுவாய், நாயாறு, முல்லைத்தீவு. வழி முழுக்க ஊர்தான்.

'ஆளில்லாத காடு' எண்டு நாங்க படம் எடுக்கப் போற இடங்கள் எப்பிடி ஆளில்லாமல் போனது எண்டும் கேக்க வேணும். தென்னமரவடி, கொக்குத்தொடுவாய்ச் சனம் 1984இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தது. திரும்பி வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதுக்குள்ள வளவுகளைக் காடு மூடிவிட்டது. 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணிக் குழாய் போட நிலத்தை வெட்டினபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. அப்பிடியான மண்ணில வானை நிப்பாட்டி, நட்சத்திரத்துக்குக் கீழ பாட்டுப் போட முதல், பக்கத்து வீட்டில ஒரு வார்த்தை கேக்கிறது பெரிய வேலையா?

முல்லைத்தீவு தாண்டினால் வட்டுவாகல் பாலம். 2009 மேயில் சனம் வெளியேறி வந்த வழி அது. ரீல்ஸ் எடுக்க வான் கதவைத் திறக்க முதல் இதையும் தெரிஞ்சிருக்க வேணும்.

'பொம்பிளப் பிள்ளையளுக்கு வான்தானே பாதுகாப்பு? கழிவறைக்கு எங்க போறது?' எண்டு தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. இதுக்குச் சரியான பதில் இல்லாததாலதான் கனபேரை வீட்டில விடுறதில்லை. ஆனா தெரியாத காட்டோரத்தில பூட்டின வானைவிட, தெரிஞ்ச வீட்டு வளவில நிக்கிற வான் பாதுகாப்பு. எங்கட வகுப்பிலேயே முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிள்ளையள் இருக்கினம். அவையிட்டக் கேட்டு, இரவில நிக்கிற இடங்களை முதல்ல எழுதுங்க. பாதையை அதுக்குப் பிறகு கீறலாம். தங்கிற வீட்டுக்குக் காசும் குடுங்க.

மற்றதெல்லாம் சின்னக் கணக்கு. ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரை மழை. களப்போரத் தெருக்களில வெள்ளம் நிக்கும், அதனால மாசிக்குப் பிறகு போங்க. யானை நடமாடுற பாதை, இருட்டினா ஓட வேண்டாம். சரணாலயத்துக்குள்ள அனுமதியில்லாமல் கூடாரம் அடிக்கேலாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டா, சிறுநீர் கழிக்கக்கூட தெருவை விட்டு இறங்காதேங்க. கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னும் இருக்கு.

கடைசியா, கேஸ் அடுப்பை வீட்டில விட்டிட்டுப் போங்க. நூடில்ஸ் பெட்டியையும்தான். பசிச்சா புதுக்குடியிருப்பில ஒரு சாப்பாட்டுக்கடை தேடவேண்டி வரும். தண்ணி முடிஞ்சா ஒரு படலையைத் தட்டவேண்டி வரும். 'எந்த ஊர் பிள்ளையள்?' எண்டு கேப்பினம். திருகோணமலை எண்டு சொல்லுங்க. அவை சொல்லுற கதையைக் கேக்க, திட்டத்தில அரை நாளாவது சும்மா விட்டு வையுங்க.