பஸ் ஸ்டாண்டுல கடை வேணும், ஆனா யாருக்கு?

"பஸ் ஸ்டாண்டுல எதுக்குங்க இத்தனை கடை? பஸ் ஏறத்தானே வர்றோம்?" சென்னை நண்பர்கள் சிலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். எடுத்துவிட்டால் சுத்தமாக இருக்குமாம்.

உங்களுக்கு அது பத்து நிமிஷ இடம். எங்களுக்கு அப்படி இல்லீங்க. எங்க ஊர் டவுன் பஸ்ஸை ஒன்று விட்டால் அடுத்ததுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, பட்டாவுக்கு ஜெராக்ஸ், மோட்டாருக்கு ஒரு பியூஸ் கட்டை எல்லாம் அங்கேயே முடிந்தால் ஒரு நாள் வேலை மிச்சம். உங்களுக்கும்தான் சொல்றேன். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் திறந்தாங்க. ஊருக்கு வெளியே இருக்கிற அந்த நிலையத்தில் நள்ளிரவில் குழந்தையோடு இறங்குகிறவருக்குப் பாலும் மருந்தும் உள்ளேயே கிடைக்க வேண்டாமா?

ஆக, கடை வேணும். நான் சண்டை போடுவது கடையைக் கொடுக்கிற முறையோடு.

இப்போ நடப்பது ஏலம். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குக் கடை. ஏலத்தில் கொடுத்த பணத்தை அவர் கைக்காசிலிருந்தா கட்டுவார்? நம்மிடம்தான் எடுப்பார். பாட்டிலில் 20 ரூபாய் என்று அச்சடித்திருக்கும், 25 கேட்பார். ஏன்னு கேட்டால் "கூலிங் சார்ஜ்". அச்சடித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று 2011-லிருந்தே விதி இருக்கிறது. அதுவும் போதாமல் கடைக்கு முன்னால் பெஞ்சு, அடுப்பு, பலகாரத் தட்டு என்று இழுத்துக்கொண்டே வந்து, பயணி நிற்கிற இடத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் 'இடைஞ்சல்' என்ற பேர் மட்டும் கூடைக்காரிக்கு. போன தை மாசம் மூணு கூடை கொய்யாவை முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் நிழலில் இறக்கி வைத்தேன். கால் மணி நேரம் ஆகலை, "இங்க வைக்காதே, எடு எடு" என்று விரட்டிவிட்டார்கள். உள்ளே கடையில் அதே கொய்யா இரண்டு மடங்கு விலை. பக்கத்தில் கீரை வைத்திருந்த அக்காவுக்கும் அதே கதிதான். தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடிக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று 2014-ல் மத்திய சட்டமே வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை அந்த அக்காவுக்கு யார் படித்துக் காட்டுவது?

வழி இல்லாமல் இல்லை. 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விவசாயிக்கு வாடகை கிடையாது, தராசும் இலவசம், அடையாள அட்டை உண்டு. 2022-ல் ரயில்வே, 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்று அந்தந்த ஊர்ப் பொருளுக்கு ஸ்டேஷனுக்குள்ளேயே சிறு கடை கொடுத்தது. கட்டணம் குறைவு, ஆளும் முறைவைத்து மாறுவார்கள். இந்த இரண்டையும் சேர்த்து பஸ் ஸ்டாண்டுக்கு ஏன் கொண்டுவரக் கூடாது?

நகராட்சிக்கு வருமானம் போய்விடும் என்பார்கள். எல்லாக் கடையையும் கேட்கவில்லையே. பத்தில் ஒன்பதை ஏலம் விடட்டும். ஒன்றை சுற்று வட்டார விவசாயிக்கும் மகளிர் குழுவுக்கும் முறைவைத்துக் கொடுக்கட்டும். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒரு ஓரத்தில் கூடைக்கு இடம். அதற்கப்புறம் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போக நாங்க தயார்.

சுத்தம்னு சொல்றீங்களே, குப்பையை ஒரு நாள் கிளறிப் பாருங்க. கீரைக்கட்டின் வாழைநார் மக்கிப் போகும். அங்கே குவிந்து கிடப்பது சிப்ஸ் கவரும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான். அது எந்தக் கடையிலிருந்து வந்தது?

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது 25 கேட்டால் 20-ஐ மட்டும் நீட்டி, பில் கேளுங்க. நாங்க கேட்டால் "போய்யா" என்பார்கள். நீங்க கேட்டால் யோசிப்பார்கள். அப்படியே வாசலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிற அக்காவிடம் ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கிட்டுப் போங்க.