மாமாவும் முட்டை மாஸும்

எங்க மாமாவைப் போல யோக்கியமான மனுஷனைப் புதுக்கோட்டை கீழ ராஜ வீதி பார்த்ததில்லை. (இது அவரே சொல்வது!) அத்தையும் ஒப்புக்கொள்வார், ஒரே ஒரு விஷயம் தவிர. ஷுகர்.

பத்து வருஷ ஷுகர். காலையில் புதுக்குளத்தைச் சுற்றி நடை, ராத்திரி ரெண்டே சப்பாத்தி, மாத்திரை டாண் என்று நேரத்துக்கு. அப்படியும் மூணு மாத சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி டெஸ்ட்டில் 8.9! 'ஏழுக்குள்ள இருக்கணுமே' என்று டாக்டர் உதட்டைப் பிதுக்க, அத்தை விசாரணைக் கமிஷன் போட்டுவிட்டார். சட்டைப் பை, ஸ்கூட்டர் பெட்டி, பழைய பேப்பர் கட்டு... முட்டை மாஸை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கார்?

"சத்தியமா தொடலைடி!"

"அப்ப ஷுகர் என்ன ஆகாயத்துலேருந்தா வருது?"

ஒரு மாசம் பேச்சுவார்த்தை கிடையாது. "முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் திருட்டுப் பட்டம்டா மாப்ளே" என்று மாமா சொன்னபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துப்பு கிடைத்தது முறுக்கில். ஒரு கடி. கீழ்ப் பல் ஆடியது. நம்ம ஊரிலேயே 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாச்சே, இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டர். ஈறைத் தொட்டதும் ரத்தம். "ஷுகர் உண்டா சார்?" என்றார். மாமா ஆடிப்போனார். இவருக்கும் அத்தை போன் பண்ணிட்டாளா?

விஷயம் இதுதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே காரை படிந்து, கிருமி குடியேறி, ஈறு வருஷக்கணக்கில் புண்ணாகவே கிடக்கிறது. அந்த அழற்சியில் உண்டாகும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடுவதில்லை. ஷுகர் ஏறுகிறது. ஏறின ஷுகர் ஈறின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்க, புண் ஆறமாட்டேன் என்கிறது. நான் பி.காம். ஆனதால் டக்கென்று பிடிபட்டது: டபுள் என்ட்ரி! இந்தப் பக்கம் எழுதினால் அந்தப் பக்கமும் விழும்.

நார்வேக்காரர் ஹரால்ட் லோ 1993-லேயே ஈறு நோயை 'சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு' என்று எழுதிவிட்டார். கண், கிட்னி வரிசையில் ஈறும். நாம்தான் கண்ணுக்குப் போகிறோம், பல்லுக்குப் போவதில்லை. வலிச்சாத்தானே போவோம்? இந்தச் சனியன் பெரும்பாலும் வலிப்பதே கிடையாது.

ஆபீஸ் போகிற தம்பிகளே, காலையில் துப்புகிற நுரை ரோஸ் கலரில் வருதா? 'பிரஷ் முரடு' என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிடுகிற ஆசாமிதானே நீங்களும்? (நானும்தான். போன வாரம் போய் ஷுகரும் பார்த்துக்கொண்டேன்.)

மாமாவுக்கு ஈறுக்கு அடியில் வரைக்கும் சுத்தம் செய்தார்கள், நாலு தடவை. மாத்திரை நிற்கவில்லை, நடையும்தான். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை (2022), இந்த வைத்தியத்தால் மூணு நாலு மாசத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 குறைகிறது என்கிறது. மந்திரம் இல்லை, ஆனால் சும்மாவும் இல்லை.

மூணு மாசம் கழித்து ரிசல்ட்: 8.4. மாமா அதை அத்தை முன்னால் ஜாமீன் உத்தரவு மாதிரி நீட்டினார்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகம் கொஞ்சம் இளகியது. ஒரு மாசத்துக்கு அப்புறம் அவரே காபி கொண்டுவந்து வைத்தார், சர்க்கரை இல்லாமல்.

"சரி, அரைப் பாயின்ட் ஈறு. ஏழுக்கு மேல மிச்சம் ஒண்ணு புள்ளி நாலு இருக்கே, அது எந்தக் கடையிலேருந்து?"

மாமா பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.