பழசானது லேப்டாப் இல்லை

மூன்று வாரம் முன்னாடி எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. செமினார் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாளன்று காலையில் என் லேப்டாப்பை ஆன் செய்து, சுற்றுகிற வட்டம் நின்று, ஒரே ஒரு வேர்டு ஃபைலைத் திறக்க ஏழு நிமிடம் ஆனது. தெருமுனை சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, இது செத்த பாம்பு. இதை அடிச்சுப் பிரயோஜனம் இல்லை. நாப்பதாயிரத்துல புதுசு ஒண்ணு எடுத்துத் தரேன்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "பீரோவுல அந்த வளையல் சும்மாதானே கிடக்கு, வச்சு வாங்கிக்கலாம்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் செத்த பாம்பின் ஜாதகம். 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது இல்லையா, அதில் அடுத்த வருடம் என் அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. பிறகு 2015-ல் விண்டோஸ் 10 வந்து, முதல் ஒரு வருடம் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்றபோது நாங்களும் ஆசை ஆசையாக மாறிக்கொண்டோம். ஓசியில் கிடைத்தால் விடுவோமா?

அங்கேதான் வினை. விண்டோஸ் 10 மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு அளவுக்குத் தைத்த சட்டை. குறைந்தபட்சத் தேவை 32 பிட்டுக்கு 1 ஜிபி ராம் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். காகிதத்தில் எல்லாமே ஓடும். நடைமுறையில், நான் ஒரு ஃபைலும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் ராம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது.

ஏன் அப்படி? ராம் என்பது நீங்கள் எழுதுகிற மேஜை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். மேஜையில் இடம் தீர்ந்துவிட்டால், இப்போதைக்கு வேண்டாத புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிட்டு வேண்டியதை இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏணி. பழைய லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும். கேட்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். ராமுக்கோ ஒரு தகவலை எடுக்க 100 நானோ செகண்ட் அளவில்தான் ஆகும். வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. என்னுடைய ஏழு நிமிடமும் இந்த ஏணியில் ஏறி இறங்கியே கழிந்தது. மேஜையும் பரணும் 2012-ல் இருந்த அதே வேகத்தில்தான் இருக்கின்றன. மேஜை மேல் நாம் ஏற்றிய சுமைதான் கூடிவிட்டது.

ஆகவே, "பழசாயிடுச்சு, அதான் ஸ்லோ" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைக்காரருக்குப் புதுசு விற்றால்தான் லாபம். பழசை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? அவரைத் திட்டவில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் நம் வீட்டு வளையலை வைத்து நடக்கிற பிழைப்பு.

அன்று ராத்திரி ஒரு பென்டிரைவில் ஆன்டிஎக்ஸ் லினக்ஸை ஏற்றினேன். டெபியனை அடிப்படையாகக் கொண்டது, பழைய மெஷின்களுக்காகவே செய்யப்படுவது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, தமிழில் அடிக்க முடிகிறதா என்று எல்லாம் சோதித்து, படங்களையும் ஃபைல்களையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, அப்புறம்தான் நிறுவினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நகல் எடுக்காமல் நிறுவிவிட்டு என்னைத் திட்டக் கூடாது!

பலன்? சும்மா இருக்கும்போது ராம் 300 எம்பிக்குள். ஆன் செய்து ஃபைல் திறக்க ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. லிப்ரே ஆபீஸில் ரிப்போர்ட்டை அடித்து முடித்தேன். செலவு: ஒரு ராத்திரித் தூக்கம்.

இப்போது என் நண்பர்களின் எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கணும்னா ஐ5, 16 ஜிபி வேணும் மச்சி." எதற்கு? எங்கள் லேபில் இன்னும் நீலத் திரை டர்போ சி++ ஓடுகிறது. 1990-களின் தொடக்கத்துச் சரக்கு. அதை ஓட்ட 2026-ல் ஐ5 வாங்குவது, பக்கத்துத் தெருவுக்குப் போக விமானம் பிடிப்பது மாதிரி. ஜிசிசி, பைத்தான், ஒரு நல்ல எடிட்டர், இவை எல்லாமே என் 2 ஜிபியில் ஓடுகின்றன.

"லினக்ஸ் கஷ்டம்டா." இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். அந்த லேப்டாப் அக்கா கைக்கு வந்த அன்றே அதற்குள் லினக்ஸ் இருந்தது! விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ், சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது, தமிழிலும் பயன்படுத்தலாம். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். அக்கா செய்த முதல் வேலை, தெரிந்த அண்ணனிடம் கொடுத்து அதை அழித்து, சினிமா வைக்க இடம் பண்ணியதுதான். அவள் தப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் பெட்டியைக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருக்கும் இரண்டாவது கதவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நமக்குக் கஷ்டமாக இருப்பது லினக்ஸ் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான்.

"அதான் கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் லேப்டாப் தரப்போறதா 2025 பட்ஜெட்டிலேயே சொல்லிட்டாங்களே?" நல்லது. கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். பழசைத் தூக்கிப் போடாமல் தம்பி தங்கைக்குச் சரிசெய்து கொடுங்கள். புதுசும் பத்து வருடத்தில் பழசாகும். அப்போதும் இதே கடை, இதே வசனம்.

இன்னொரு பக்கம், லினக்ஸ் போட்டால் குதிரை பறக்கும் என்று சொல்லும் கோஷ்டிக்கும் ஒரு கொட்டு வைக்க வேண்டும். பறக்காது. 2 ஜிபியில் பிரவுசரில் நான்கைந்து டேப் திறந்தால் எந்த இயங்குதளமும் மூச்சு வாங்கும், ஏனென்றால் இன்றைய வலைத்தளங்களே அவ்வளவு கனம். ஆட்டோகேட், போட்டோஷாப், டாலி வேண்டும் என்பவர்களுக்கு இந்த வைத்தியம் சரிப்படாது. நிஜமான 32 பிட் செயலி என்றால் இன்னும் சிக்கல், டெபியனே 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவலைக் கைவிட்டுவிட்டது. (நிறைய பழைய லேப்டாப்களில் விண்டோஸ்தான் 32 பிட், செயலி 64 பிட். பார்த்துக்கொள்ளுங்கள்.) கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள், ஏணி லிஃப்ட் ஆகிவிடும். செகண்ட் ஹேண்ட் டிடிஆர்3 ராம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0, அவர்கள் பட்டியலில் உள்ள செயலி, எல்லாம் வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாததால் நேற்று வரை நன்றாக ஓடிய ஒரு மெஷின் இன்று "பழசு" என்றால், அதைத் தீர்மானித்தது மெஷின் இல்லை, பட்டியல் போட்டவர்கள். உங்கள் வகுப்பிலேயே எத்தனை பேர் வீட்டில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்று யோசியுங்கள்.

அதனால், அப்பாவிடம் கேட்பதற்கு முன்னால் ஒரு பென்டிரைவும் ஒரு ராத்திரியும் செலவழியுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் புதுசு கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. செய்து பார்க்காமலே கேட்பதுதான் தப்பு. பயமாக இருந்தால் சனிக்கிழமை மதியம் லேப்டாப்போடு ஹாஸ்டல் பக்கம் வாருங்கள், சேர்ந்தே செய்வோம். டீ உங்கள் செலவு.

டிஸ்கி: வளையல் பீரோவிலேயே இருக்கிறது. செமினாரில் எவ்வளவு மார்க் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள் :-)