குனிந்து பொறுக்க மறந்தோம்

ஆனி, ஆடியில் இலுப்பை பழுக்கும். இரவெல்லாம் வௌவால்கள் பழத்தின் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். விடிந்ததும் பாட்டிமார் கூடையோடு போய்ப் பொறுக்கி வருவார்கள். ஓட்டை உடைத்துப் பருப்பை வெயிலில் நன்றாகக் காயவைப்பார்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் காறிப்போகும். செக்கில் ஆட்டினால் மஞ்சளாக இறங்கும்; குளிர்நாளில் நெய்போல உறையும். அந்த எண்ணெயில் தோசை சுட்டார்கள், பலகாரம் பொரித்தார்கள். குதிகால் வெடிப்புக்கும் மூட்டுவலிக்கும் தடவினார்கள். கோயிலில் விளக்கெரித்தார்கள். பிண்ணாக்கை இடித்துத் தலைக்குத் தேய்த்தால் நுரைத்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும்.

இதையெல்லாம் நம்மிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. நாமேதான் கைவிட்டோம். கொட்டை பொறுக்குவது இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்தோம். வாடை அடிக்கிறது என்று சொல்லிப் பாட்டியின் எண்ணெய்ச் சட்டியை ஒதுக்கினோம். நிறமும் மணமும் இல்லாத பாக்கெட் எண்ணெய்தான் சுத்தம் என்று நம்பினோம். வெடிப்புக்குக் களிம்பு வந்தது, தலைக்கு ஷாம்பு வந்தது. ஒவ்வொரு வசதியையும் மகிழ்ச்சியோடுதான் ஏற்றோம். எதை இழக்கிறோம் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

பொறுக்க ஆளில்லாமல் போனதும் மரம் நம் கண்ணுக்கு வெறும் கட்டையாகிவிட்டது. தோப்பை விலை பேசியபோது நாமும் பக்கத்தில்தான் நின்றோம். நிழல் போகிறதே என்று வருந்தியவர்கள்கூட எண்ணெய் போகிறதே என்று வருந்தவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு கோயிலில் இலுப்பைதான் தலமரம். அதைச் சுற்றிவந்து கும்பிட்ட நாம், நம் வயல் வரப்பில் நின்ற இலுப்பையை வெட்டக் கொடுத்தோம். இன்று நகரத்துப் பிள்ளைகளுக்கு இலுப்பை என்பது தீப எண்ணெய்ப் பாட்டிலில் அச்சிட்ட ஒரு பெயர் மட்டுமே.

ஆனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஊர்க்கோடியிலும் கோயில் நந்தவனத்திலும் மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. இலுப்பை விதையை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்க முடியாது. சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தி போய்விடும். விழுந்த கையோடு நடவேண்டும். காய்க்கப் பல வருடங்கள் ஆகும். நட்டவர்களுக்கே எண்ணெய் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நமக்கு முன்னால் நட்டவர்களும் அதைத் தெரிந்துதான் நட்டார்கள். வருகிற ஆனியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போவோம். பக்குவம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம். பொறுக்கியதில் பாதியைச் செக்குக்குக் கொடுப்போம், மீதியை மண்ணுக்குக் கொடுப்போம்.