நான்கு மணி முதல் பத்து மணி வரை

 

"நாவல் படிக்கும் பிள்ளை உருப்படுமா?" என வினவும் பெற்றோர் நம் மஹல்லாக்களில் இன்றும் உளர். பள்ளிப்பாடமும் கெட்டு, ஓதலும் கெட்டுவிடும் என்னும் அச்சம் அவர்களுடையது. அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். பிள்ளையின் கையில் இருப்பது என்ன நூல் என்று பாராத வீட்டைவிட, பார்த்துக் கவலைப்படும் வீடு மேலானதே. ஆயினும் அப்பெற்றோர், எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூழின் வாழ்வைச் சற்று அறிந்துகொண்டு, பின்னர் கவலைப்படட்டும்.

1911 டிசம்பர் 11 அன்று, பழைய கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில், ஓர் அரசு ஊழியரின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். பிரசவம் பார்த்த கிறிஸ்தவ மருத்துவரின் பெயர் நஜீப் மஹ்ஃபூழ். நன்றி மறவாத தந்தை அந்த இரட்டைப் பெயரை அப்படியே மகனுக்குச் சூட்டிவிட்டார்!

இவரை வாசிப்பின் பால் இழுத்தது பெரிய இலக்கியம் ஏதுமன்று, துப்பறியும் கதைதான். ஆரம்பப் பள்ளித் தோழன் ஒருவன் சொல்லிப் படித்தது. அதன் பின் படித்த கதைகளை நோட்டில் தம் போக்கில் திருத்தி எழுதி, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தம் பெயரைப் போட்டுக்கொள்வாராம். பார்வையற்ற பேரறிஞர் தாஹா ஹுஸைனின் 'நாட்கள்' என்னும் தன்வரலாற்றைப் படித்ததும், 'ஆண்டுகள்' என்று தாமும் ஒன்றை எழுத முனைந்தார். துப்பறியும் கதையோடு பிடிபடும் பிள்ளையை அதட்டும் முன் இதை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

1934-ல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். மேற்படிப்பைத் தொடங்கி, தத்துவமா இலக்கியமா என்று மனம் அலைக்கழிந்து, முடிவில் இலக்கியத்தைத் தேர்ந்தார். ஆனால் எழுத்தை நம்பி வீட்டில் உலை வைக்க இயலாது என்பதை நன்கறிந்தவர். எனவே அரசுப் பணியிலேயே அறுபது வயதுவரை இருந்தார். அப்பணியில் நெடுங்காலம் வக்ஃபு அமைச்சகத்தில் கழிந்தது. அங்கு வட்டியில்லாக் கடன் வழங்கும் 'கர்ளுல் ஹஸன்' திட்டத்தையும் சிறிது காலம் கவனித்தார். கடன் நாடி வந்த ஏழை எளியவர்களின் பேச்சையும் போக்கையும் அருகிருந்து காணும் பேறு எத்தனை எழுத்தாளர்க்கு வாய்க்கும்?

அவருடைய நாளொழுங்கைக் கேளுங்கள். பிற்பகல் இரண்டு மணிவரை அலுவலகம். நான்கு முதல் ஏழு வரை எழுத்து. ஏழு முதல் பத்து வரை வாசிப்பு. வெள்ளிக்கிழமை விடுப்பு. எழுதிய நேரத்திற்குச் சரிசமமாகப் படித்த நேரமும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் இளம் எழுத்தாளர் பலரிடம் இந்தக் கணக்குத்தான் உதைக்கிறது. கண் ஒவ்வாமை காரணமாகக் கோடை மாதங்களில் பேனாவைத் தொட மாட்டார். திருக்குர்ஆனும் ஆயிரத்தொரு இரவுக் கதைகளும் ஒருபுறம். டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, செக்காவ், புரூஸ்ட், காஃப்கா மறுபுறம். வெளிநாட்டுப் பயணமோ மிக அரிது. உலகத்தை அவர் பெரும்பாலும் நூலின் வழியாகவே சுற்றினார்.

வாசிப்பு பல திசையில் சென்றதால் எழுத்தும் ஒரே தடத்தில் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் வால்டர் ஸ்காட்டை முன்மாதிரியாகக் கொண்டு ஃபிர்அவ்ன்கள் காலத்து வரலாற்று நாவல்களை வரிசையாக எழுதத் திட்டமிட்டு, மூன்றோடு நிறுத்திக்கொண்டார். பின்பு தாம் வளர்ந்த தெருக்களுக்குத் திரும்பினார். 1947-ல் 'மிதக் சந்து' வந்தது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சொல்லும் 'கெய்ரோ முந்நூல்' 1956, 57-ல் வெளியாயிற்று. அதில் வெளியே உல்லாசமும் வீட்டில் கடுமையுமாக வாழும் அந்தத் தந்தையை நம்மூர்த் தெருக்களிலும் காணலாம். திரைப்படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். செய்தித்தாளில் பரபரப்பாகப் பேசப்பட்ட ஒரு குற்றவாளியின் கதையிலிருந்து 'திருடனும் நாய்களும்' (1961) பிறந்தது. இப்னு பதூதாவின் பயணத்தை நினைவூட்டும் 'இப்னு ஃபத்தூமாவின் பயணம்' 1983-ல் வந்தது. 1988-ல் நோபல் இலக்கியப் பரிசு பெற்றார். அரபு மொழியில் எழுதி அதனைப் பெற்ற முதல்வர் அவரே. பரிசை ஸ்டாக்ஹோம் சென்று ஏற்றவர்கள் அவருடைய இரு புதல்வியர்.

கசப்பான பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். 1959-ல் 'அல் அஹ்ராம்' நாளிதழில் அவர் எழுதிய 'எங்கள் தெருப் பிள்ளைகள்' என்னும் தொடர்கதை, நபிமார்களின் வரலாற்றை ஒரு தெருவின் கதையாக உருவகித்தது. இது என் உள்ளத்திற்கு ஒப்பவில்லை. அஸ்ஹர் உலமாக்கள் மறுத்ததிலும் வியப்பில்லை. எகிப்தில் நூலாக வெளியிடுவதில்லை என்று அவரும் இசைந்தார். 1967-ல் பெய்ரூத்தில்தான் அது நூலாயிற்று. பேனாவால் எழுதியதற்குப் பேனாவால் மறுப்பு எழுதுவது நம் முன்னோர் காட்டிய வழி. இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுத்து நூல் எழுதினார். இப்னு ருஷ்து அதற்கு நூலாலேயே மறுமொழி தந்தார். ஆனால் 1994 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை மாலை, நண்பரின் காரில் அமர்ந்திருந்த 82 வயது முதியவரின் கழுத்தில் ஓர் இளைஞன் கத்தியைப் பாய்ச்சினான். அந்த நாவலை அவன் படித்ததே இல்லை! படிக்காமலே தீர்ப்பளித்த அக்கொடுமையை எந்த மார்க்க அறிவு ஏற்கும்?

உயிர் தப்பினார், வலக்கை நரம்பு பழுதுற்றது. கண்ணும் காதும் முன்பே மங்கியிருந்தன. நண்பர்கள் படித்துக் காட்ட, அவர் கேட்டார். சிறுபிள்ளை எழுத்துப் பழகுவதுபோல் மீண்டும் எழுதப் பழகினார். நாளொன்றுக்குச் சில நிமிடமே கை ஒத்துழைத்தது. அதற்கேற்பக் கதையும் சுருங்கிற்று. கனவில் கண்டவற்றைச் சில வரிகளிலேயே முடியும் குறுங்கதைகளாக்கி, 'நிஸ்ஃபுத் துன்யா' என்னும் பெண்கள் இதழில் வெளியிட்டு வந்தார். கை அறவே மறுத்தபோது சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 2006 ஆகஸ்ட் 30 அன்று, 94-ஆம் வயதில் காலமானார். எகிப்தில் அச்சேறாதிருந்த அந்த நாவல் அதே ஆண்டில் கெய்ரோவில் நூலாக வெளிவந்தது.